கணுவில் தூங்கும் மொட்டு

சேவூர்ச் சுட்டியே! உன் தெருவில் தறிச் சத்தம் கேட்காத நாள் உண்டா? அந்தத் தறியில் ஓடும் பட்டு யார் தந்தது? புழு. புழு என்ன தின்னும்? மல்பெரி இலை. சபாஷ், சட்டென்று சொல்லிவிட்டாய்!

மல்பெரிப் பழத்தில் விதை உண்டு. ஆனாலும் விவசாயி குச்சியைத்தான் வெட்டி நடுவார். ஏன் தெரியுமா? விதையில் வரும் செடி தாயைப் போலவே இருக்காது. இலை சிறுத்துப் போகலாம். குச்சியில் வருவதோ அசல் தாயேதான். ஆனால் ஒரு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் குச்சி வேண்டுமே!

குச்சியில் முளைப்பது எது? கணுவில் தூங்கும் குட்டி மொட்டு. அதை மட்டும் எடுத்து விதையாக்கினால் என்ன? மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பாபட், மாத்ரே, ராவ் மூவரும் 1987-இல் மல்பெரியில் அதைச் செய்து காட்டினார்கள். அணு மையத்தில் செடி வேலையா என்று சிரிக்காதே. அங்கே பயிர் ஆராய்ச்சியும் உண்டு.

செய்முறையைக் கேள். பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பொருள் எடுப்பார்கள். ராமேஸ்வரம் கடலில் வளரும் சர்காசம் அப்படியொரு பாசி. அந்தப் பொருளைக் கொழகொழவென்று கரைத்து, சர்க்கரையும் செடிக்கான உப்புச் சத்துகளும் சேர்ப்பார்கள். அதில் மொட்டை முக்கி எடுத்து, சொட்டோடு சேர்த்துக் கால்சியம் குளோரைடு கரைசலில் விடுவார்கள். கால்சியம் உள்ளே புகுந்து பாசிப் பொருளின் நீள இழைகளை ஒன்றோடொன்று கட்டிவிடும். அரைமணியில் சொட்டு இறுகி, பாயசத்து ஜவ்வரிசி மாதிரி உருண்டு நிற்கும். நடுவில் மொட்டு!

புரிந்ததா? இல்லையென்றால் கூச்சப்படாமல் இன்னொரு முறை படி.

இப்படிச் செயற்கையாக விதை செய்யலாம் என்ற யோசனையை 1977-இலேயே சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி முராஷிகே. காய்கறியில் முதலில் மாட்டியது கேரட். அதில் மொட்டுகூட வேண்டாம். கேரட் துண்டின் செல்களைச் சத்துக் கரைசலில் வளர்த்தால் விதைக்கருவைப் போன்ற குட்டிக் கருக்கள் உண்டாகும். அவற்றுக்கு 1982-இல் கிட்டோ, ஜானிக் இருவரும் மேல்பூச்சு போட்டுப் பார்த்தார்கள்.

"அப்படியானால் விதைக்கடையில் ஏன் கிடைக்கவில்லை?" என்கிறாயா? கெட்டிக்காரக் கேள்வி! சாதாரண விதை காய்ந்தாலும் டப்பாவில் பத்திரமாகத் தூங்கும். இந்த உருண்டை காய்ந்தால் உள்ளே மொட்டு செத்துவிடும். குளிரில் வைத்தாலும் ரொம்ப நாள் தாங்காது. ஒவ்வொரு மொட்டையும் கையால் வெட்டுவதால் கூலியும் கூடும்.

எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரிவது சர்க்கரைதான். மொட்டுக்கு வைத்த சாப்பாட்டை மண்ணில் இருக்கும் பூஞ்சை மோப்பம் பிடித்து வந்துவிடும். அதனால் உருண்டைக்குள்ளேயே கொஞ்சம் பூஞ்சைக்கொல்லியும் கலந்து நட்டுப் பார்க்கிறார்கள்.