61 எலும்புகள், ஒரே ஒரு டிஎன்ஏ: ராக்கிகடி ஆய்வில் நாம் கவனிக்காத எண்

சிந்துவெளி மக்கள் யார்? 2019 செப்டம்பரில் இந்தக் கேள்வி டிவி விவாதங்களைச் சூடாக்கியது. காரணம், 'செல்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. ஹரியானாவின் ராக்கிகடியில் 4,000 ஆண்டுகளுக்கும் முன்பு புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் டிஎன்ஏவை விஞ்ஞானிகள் படித்திருந்தார்கள்.

சண்டையில் யாரும் பெரிதாகப் பேசாத எண் ஒன்று உண்டு: 61. அத்தனை எலும்பு மாதிரிகளில் முயன்று பார்த்தார்கள். தேறியது ஒன்றுதான்.

மற்ற 60 என்ன ஆனது?

உயிரோடு இருக்கும்வரை செல்கள் டிஎன்ஏவை ரிப்பேர் செய்துகொண்டே இருக்கும். இறந்ததும் அந்த வேலை நின்றுவிடும். உடலின் நொதிகள், மண்ணின் பாக்டீரியா, ஈரம், வெப்பம் எல்லாம் சேர்ந்து டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும். சைபீரியாவின் உறைபனி எலும்புக்கு ஃப்ரிட்ஜ் மாதிரி. ஹரியானாவிலோ சுடும் கோடை, அடுத்து மழை. இப்படிப்பட்ட இடங்களில் மிஞ்சும் துண்டுகள் பெரும்பாலும் 100 எழுத்துகள்கூட இருக்காது.

எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்?

முதலில் சுத்தம். ஆய்வாளரின் ஒரு தும்மல்கூடப் பழைய டிஎன்ஏவை மூழ்கடித்துவிடும். அதனால் முழு உடல் கவசம், தனி அறை.

அடுத்து பொடி. உட்காதைச் சுற்றியுள்ள 'பெட்ரஸ்' எலும்பு மிகவும் அடர்த்தியானது. டிஎன்ஏ அங்கே நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதைத் துளைத்துக் கொஞ்சம் பொடி எடுப்பார்கள்.

பிறகு கரைப்பது. ஈடிடிஏ என்ற ரசாயனம் எலும்பின் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். புரோட்டினேஸ் கே என்ற நொதி புரதங்களைச் சிதைக்கும்.

கடைசியில் பிடிப்பது. குவானிடின் உப்பு நிறைந்த கரைசலில் டிஎன்ஏ, சிலிகா மீது ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹால் கலந்த கரைசலால் கழுவினால் அழுக்கு போய்விடும், டிஎன்ஏ போகாது. உப்பு குறைந்த திரவத்தை ஊற்றினால் அது கழன்று வரும். கோவிட் காலத்தில் உங்கள் மூக்கில் விட்ட குச்சியிலிருந்து ஆர்என்ஏவை எடுக்கவும் பல லேப்கள் இதே சிலிகா முறையைத்தான் நம்பின.

வந்தது யாருடைய டிஎன்ஏ?

பெரும்பாலும் பாக்டீரியாவுடையது. மனித டிஎன்ஏ கிடைத்தாலும் அது தோண்டியவருடையதாக இருக்கலாம். இதற்கு ஒரு சோதனை உண்டு. பழைய டிஎன்ஏ துண்டுகளின் முனைகளில் 'சி' எழுத்து சிதைந்து 'டி' என்று வாசிக்கப்படும். அந்தச் சேதம்தான் வயதுக்குச் சாட்சி. கூடவே எலும்பே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் எல்லாப் படிகளிலும் ஓட்டுவார்கள். அதில் டிஎன்ஏ தெரிந்தால், எங்கோ கலப்படம்.

ராக்கிகடி பெண்ணின் மாதிரியிலிருந்து 100-க்கும் மேற்பட்ட 'லைப்ரரி'களைத் தயாரித்து, எல்லாவற்றின் தரவையும் ஒன்றுசேர்த்த பிறகே பதில் சொல்லும் அளவுக்குத் தகவல் கிடைத்தது.

இதனால் நமக்கு என்ன?

அந்தப் பெண்ணிடம் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் வம்சாவளி ஏறக்குறைய இல்லை. "அப்படியானால் வெளியிலிருந்து யாரும் வரவே இல்லை" என்று சிலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அதே நேரத்தில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அந்த வம்சாவளி தெற்காசியாவுக்குள் வந்தது பொ.ஆ.மு. 2000-க்குப் பிறகு என்கிறது. அவர் இறந்தது அதற்கு முன்பு. பிறகு வந்தவர்களைப் பற்றி அவருடைய எலும்பு எப்படிச் சாட்சி சொல்லும்?

ஒருவரை வைத்து ஒரு நாகரிகத்தையே அளக்கவும் முடியாது. ஈரான், துர்க்மெனிஸ்தானில் கிடைத்த 11 பேரின் டிஎன்ஏ அவருடையதோடு பொருந்துவதுதான் இந்த முடிவுக்குப் பலம்.

இன்னொன்று: பொடியான எலும்பு திரும்ப வராது. தோற்ற முயற்சிக்கும் அதே விலைதான்.

கொந்தகை எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆராய்கிறது. நாளை அதைப் பற்றிப் பரபரப்பான தலைப்பு வந்தால், ஷேர் செய்வதற்கு முன் இரண்டு எண்களைத் தேடுங்கள்: எத்தனை மாதிரிகளில் முயன்றார்கள்? எத்தனையில் கிடைத்தது?