ஓசை உண்டு, ஓட்டம் இல்லை

மன்னார்த் தீவுக்குத் தென்கிழக்கே, பெருநிலக் கரையில் அமைந்த மீனவர் ஊர் வங்காலை. விடியலிற் கரையேறும் மீன், வெயில் ஏறுமுன் விலைப்பட்டாக வேண்டும். மீன்பெட்டி சுமக்கும் மோட்டார் சைக்கிள், உறுமிக்கொண்டே நகர மறுத்துவிட்டால் வியாபாரிக்கு அன்றைய முதலே நட்டமாகும். அவ்வேளையிற் பலரும், "கியர்ப் பெட்டி போய்விட்டது" என முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பெரும்பாலும் அவசர முடிவேயாகும்.

எஞ்சினிற் பிறக்கும் வலு முதலிற் கிளச்சை அடைகின்றது. அடுத்துக் கியர்ப் பெட்டியை. பின்னர் முன் பற்சில்லு, செயின், பின் பற்சில்லு வழியாகச் சக்கரத்தை அடைகின்றது. வலு இவ்வாறு உள்ளிருந்து வெளியே செல்லினும், சோதனை வெளியிலிருந்து உள்ளே செல்லவேண்டும். செலவு குறைந்த வழி அதுவே.

முதலிற் செயினைக் காண்க. உவர்க்காற்றும், பெட்டியிலிருந்து வடியும் உப்புநீரும் அதனைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. எஞ்சினை நிறுத்தி, வண்டியை நடுத்தாங்கியில் ஏற்றி, செயினின் நடுவை மேலும் கீழும் அசைத்தல் வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்கலாம். சரியான அளவை வண்டியின் கைந்நூல் கூறும். சக்கரத்தைக் கையாற் சுற்றும்போது ஓரிடத்தில் இறுக்கமும் வேறிடத்தில் தளர்வும் தோன்றின், செயின் சீரின்றித் தேய்ந்துள்ளது. பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பின், செயினையும் இரு பற்சில்லுகளையும் ஒருங்கே மாற்றுதல் நன்று.

அடுத்தது கிளச். அதன் பிடியின் நுனியில் ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிமீற்றர் வெற்றசைவு வேண்டும். அது அறவே இல்லையாயின் தட்டுகள் முற்றாக அழுந்தா. சுமையேற்றிச் செல்லுகையில் எஞ்சினின் ஓசை உயரும், வேகம் உயராது. வெற்றசைவு மிகுந்தாலோ கிளச் முற்றாக விடுபடாது. கியர் மாற்றுகையில் உரசல் ஒலி எழும். எண்ணெயையும் மறத்தலாகாது. எண்ணெயில் மூழ்கிய கிளச்சுக்கு, உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் எண்ணெய் ஒவ்வாது; அதனாலும் தட்டுகள் வழுக்கும். இவையனைத்தும் சரியாயிருந்தும் வழுக்கல் நீங்காவிடின், தட்டுகள் தேய்ந்திருக்கலாம் அல்லது சுருள்வில்கள் தளர்ந்திருக்கலாம்.

கியர்ப் பெட்டியை ஐயுறுவது இறுதியிலேயே. குறித்த ஒரு கியர் மட்டும் சுமையில் தானே கழன்றால், அதன் பற்கள் தேய்ந்திருக்கலாம். கியரை நகர்த்தும் கவை வளைந்தும் இருக்கலாம். வடித்த எண்ணெயில் உலோகச் சில்லுகள் காணப்படின் ஐயம் வலுப்பெறும். அப்பொழுதே பெட்டியைத் திறத்தல் தகும்.

கடற்கரையில் ஓடும் வண்டியை நன்னீராற் கழுவி, ஈரம் உலர்ந்தபின் செயினுக்கு எண்ணெய் இடுதல் சிறு வேலைதான். அச்சிறு வேலையே அதிகாலைச் சந்தையைத் தவறவிடாமற் காக்கும்.