மூணு ஆப்... ஒரே வாசல்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், சிம்போசியம் சைட், ஹாஸ்டல் மெஸ் கணக்கு... மூணு ஆப்பும் ஒரே சர்வர்லயா பாஸ்? ஒண்ணு 3000, ஒண்ணு 5000, ஒண்ணு 8000-னு ஆளுக்கொரு போர்ட்ல ஓடும். ரிவ்யூ அன்னிக்கு காலேஜ் நெட்வொர்க்கில் 80, 443 தவிர மற்ற போர்ட்டெல்லாம் பிளாக் ஆகியிருந்தால்? எக்ஸ்டர்னல் முன்னாடி வெறும் வெள்ளை ஸ்க்ரீன்தான்!

இங்கேதான் 'ரிவர்ஸ் ப்ராக்ஸி' கைகொடுக்கும். ஹாஸ்டல் வாட்ச்மேன் மாதிரி, வர்றவங்க கேட்கிற பெயரைப் பார்த்து சரியான ரூமுக்கு அனுப்பி வைக்கும். ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்' இதில் கில்லாடி, இலவசமும்கூட.

ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு சப்-டொமைன் வைங்க. மூணும் உங்க சர்வர் ஐ.பி-யையே காட்டணும். கான்ஃபிக் ஃபைலில் பெயருக்கு ஒரு சர்வர் பிளாக். அதில் 'ப்ராக்ஸி பாஸ்' வரியில் அந்த ஆப்பின் போர்ட். 'லெட்ஸ் என்க்ரிப்ட்' இலவசமாகத் தரும் சர்டிஃபிகேட்டை இந்த வாசலில் மாட்டினால் போதும், ஹெச்டிடிபிஎஸ் ரெடி!

ரீலோடுக்கு முன்னாடி 'என்ஜின்எக்ஸ் -டி' அடிங்க. ஒரு செமிகோலன் விட்டுப்போனாலும் காட்டிக்கொடுத்துடும்.

முக்கியமா, ஆப்கள் 127.0.0.1-ல் மட்டும் இருக்கட்டும். 0.0.0.0-னு விட்டு, ஃபயர்வாலையும் திறந்து வெச்சா, வாட்ச்மேனுக்கே தெரியாம யார் வேணும்னாலும் பின்பக்கமா நுழையலாம். அப்புறம் முன்வாசல் பூட்டு எதுக்கு பாஸ்?