மிச்சிகன் ஏரிக்கரையில் ஓர் இரும்புத் தொகுதி

இரும்பு வியாபாரத்தில் நாற்பது வருடம் இருந்துவிட்டால் உலக வரைபடத்தில் சில ஊர்கள் தானாகவே மனப்பாடம் ஆகிவிடும். அப்படி எனக்கு மனப்பாடமான ஊர் கேரி. ஜாம்ஷெட்பூரில் வாழும் நம் சங்கக் குடும்பங்கள் அந்த ஊரைத் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதத் துணிந்தேன். அந்த ஊரை நடுவில் வைத்து அமைந்திருப்பது இண்டியானா மாநிலத்தின் 1ஆம் காங்கிரஸ் தொகுதி. இங்கே காங்கிரஸ் என்றால் நம்ம ஊர்க் கட்சி இல்லை, அமெரிக்கப் பாராளுமன்றம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மிச்சிகன் ஏரி நம்ம ஊர் ஏரி மாதிரி அல்ல. பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கரையில் நின்றால் கடல் என்றுதான் சொல்வோம், தண்ணீர் மட்டும் நன்னீர். இதன் தென்கோடியில், சிகாகோ நகரத்தை ஒட்டிக் கிழக்கே, சுமார் 70 கிலோமீட்டர் கரை இண்டியானாவுக்குச் சொந்தம். லேக், போர்ட்டர் என்ற இரண்டு மாவட்டங்களும் லா போர்ட் மாவட்டத்தின் ஒரு பகுதியும் சேர்ந்ததே இத்தொகுதி. மக்கள்தொகை ஏழரை லட்சம். இண்டியானாவின் பெரும்பகுதி ஒரு கடிகாரம் பார்க்கும், இவர்களோ சிகாகோ கடிகாரத்தைப் பார்ப்பார்கள், ஒரு மணி நேரம் வித்தியாசம். சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் எங்களைப் போன்ற சமணருக்கு இதெல்லாம் உடனே கண்ணில் படும்!

இந்த மணல் காட்டில் ஏன் எஃகு ஆலை வைத்தார்கள்? கணக்கு எளிது. இரும்புத்தாது வடக்கே மின்னசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் கிடைக்கிறது. அது சுப்பீரியர் ஏரியில் கப்பலேறி, சூ என்னும் இடத்து நீர்ப்பூட்டுகளைத் தாண்டித் தெற்கே வருகிறது. நிலக்கரி அப்பலாச்சியன் மலைப்பக்கமிருந்து ரயிலில் வருகிறது. சுண்ணாம்புக்கல் மிச்சிகன் மாநிலத்திலிருந்து கப்பலில் வருகிறது. சரக்கு வாங்கச் சிகாகோ பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று பொருளும் சந்திக்கிற இடத்தில் உலை வைத்தால் வண்டிக்கூலி மிச்சம், அவ்வளவுதான். ஆனால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வாரம் வரை நீர்ப்பூட்டுகளை மூடிவிடுவார்கள். அதனால் குளிர்காலத்துக்கு வேண்டிய தாதுவை முன்கூட்டியே மலைபோல் குவித்து வைக்கவேண்டும். நாம் மழைக்கு முன் அரிசி வாங்கி வைப்பது போலத்தான்.

1901இல் ஜே.பி. மார்கன் முயற்சியால் உருவான யு.எஸ். ஸ்டீல் கம்பெனி 1906இல் இங்கே மணல்மேடுகளைச் சமப்படுத்தி, கிராண்ட் கேலுமெட் ஆற்றின் போக்கையே மாற்றி, ஆலையும் ஊரும் கட்டத் தொடங்கியது. தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். அடுத்த வருடம், 1907இல், நம் டாட்டா கம்பெனி தோன்றியது. 1902இல் அமெரிக்கா சென்ற ஜாம்ஷெட்ஜி, பிட்ஸ்பர்க்கில் ஜூலியன் கென்னடியைச் சந்தித்து, அவர் மூலமாகச் சார்லஸ் பேஜ் பெரினைப் பிடித்தார். ஆகவே கேரியும் நம்மூரும் ஏறக்குறைய ஒரே வயதுடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். கேரியில் கம்பெனி திட்டமிட்டுக் கட்டியது ஊரின் வடபகுதியை மட்டும். தண்டவாளத்துக்குத் தெற்கே கூலித்தொழிலாளிகள் தாமாகக் குடியேறி நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். போலந்து, ஸ்லோவாக்கியா, செர்பியா, குரோஷியா, ஹங்கேரி என்று கிழக்கு ஐரோப்பா முழுவதும் அங்கே இருந்தது. 1919இல் பெரிய எஃகு வேலைநிறுத்தம் வந்தபோது கேரியில் இராணுவத்தை இறக்கினார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்க மெக்சிகோ நாட்டாரையும் தென்மாநிலக் கறுப்பின மக்களையும் கொண்டுவந்தார்கள். இப்படி முதலாளி ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்ட மக்கள்தான் பின்னால் ஒரே யூனியனில் சேர்ந்தார்கள். 1937இல் யு.எஸ். ஸ்டீல் யூனியனை அங்கீகரித்தது. தொகுதியின் அரசியல் இந்த யூனியனில் வேர்விட்டதுதான். 1930களிலிருந்து இன்றுவரை ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சி அங்கே ஜெயித்ததில்லை.

குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி: மைக்கேல் ஜாக்சன் பிறந்தது கேரியில், 1958இல். அவர் அப்பா எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவர். பெரியவர்களுக்கு: நோபல் பெற்ற பொருளாதார அறிஞர்கள் பால் சாமுவேல்சன், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரும் அந்த ஊரில் பிறந்தவர்கள்தான். ஆலைப்புகையில் பிறந்தவனுக்குச் சரக்கு, கூலி, விலை எல்லாம் சின்ன வயதிலேயே புரிந்துவிடும் போலிருக்கிறது!

1967இல் ரிச்சர்ட் ஹாட்சர் கேரியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெருநகர மேயரான முதல் கறுப்பினத்தவர்களில் அவர் ஒருவர். 1982இல் உறுப்பினராக இருந்த ஆடம் பெஞ்சமின் காலமானபோது, கேட்டி ஹால் என்ற பள்ளி ஆசிரியை அவர் இடத்துக்கு வந்தார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர் இந்த அம்மாள்தான். 1983 நவம்பரில் ரீகன் கையெழுத்திட்டார். மறுவருடமே கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் பீட்டர் விஸ்க்ளோஸ்கியிடம் தோற்றுப்போனார். நன்றியெல்லாம் அரசியலில் எத்தனை நாள்? விஸ்க்ளோஸ்கி 1985 முதல் 2021 ஆரம்பம் வரை இருந்தார். அவருக்குப் பின் வந்தவர் ஃபிராங்க் மர்வான். 2022, 2024 இரண்டு தேர்தலிலும் அவர் வாங்கியது சுமார் 53 சதவீதம்தான். போர்ட்டர் மாவட்டமோ 2016 முதல் மூன்று ஜனாதிபதித் தேர்தலிலும் டிரம்ப் பக்கம்.

கோட்டை ஏன் தளர்ந்தது? ஆள் குறைந்ததால். 1960இல் கேரியின் மக்கள்தொகை 1,78,320. 2020இல் 69,093. முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலைசெய்த ஆலையில் இன்று சில ஆயிரம் பேர். வெளிநாட்டு எஃகு வந்து கெடுத்தது என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை என் வியாபாரத்திலிருந்து சொல்கிறேன். நான் விற்பது பழைய இரும்பு. அதை மின்உலையில் உருக்கித் தகடு ஆக்கினால் தாதும் வேண்டாம், ஊதுலையும் வேண்டாம், ஆளும் கொஞ்சம் போதும். 1989இல் நியூகோர் கம்பெனி பழைய இரும்பை உருக்கி மெல்லிய பலகையாக வார்க்கும் முறையை முதலில் தொடங்கியது அதே இண்டியானாவின் கிராஃபோர்ட்ஸ்வில்லில்! கேரியின் பிழைப்பைக் குறைத்ததில் என் சரக்குக்கும் பங்கு உண்டு என்று நினைத்தால் மனசுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆலைகளும் கைமாறிக்கொண்டே இருந்தன. 1998இல் அங்குள்ள இன்லண்ட் ஸ்டீலை வாங்கியவர் ராஜஸ்தானில் பிறந்த லட்சுமி மித்தல். பெத்லகேம் ஸ்டீல் 2001இல் திவாலாகி, அதன் பர்ன்ஸ் ஹார்பர் ஆலையும் பிறகு மித்தலிடம் வந்தது. 2020இல் இரண்டும் கிளீவ்லண்ட்-கிளிஃப்ஸ் கைக்குப் போயின. யு.எஸ். ஸ்டீலையே 2025 ஜூனில் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியது. யூனியன் தலைமை எதிர்த்தது. அமெரிக்க அரசாங்கம் சிறப்பு உரிமையுள்ள ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் விட்டது. அதே மாதம் எஃகு இறக்குமதி வரி 50 சதவீதமானது. அந்த வரி நம்மூர்ச் சரக்குக்கும்தான். அவர்கள் தொகுதியில் ஓட்டு, நம் தெருவில் விலை!

தொகுதி எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எல்லை வரைவது மாநிலச் சட்டசபை. 2025 கடைசியில், பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், இத்தொகுதியைக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றிவரைய முயன்றார்கள். கீழவை ஒப்புக்கொண்டது. டிசம்பரில் மேலவை 31-19 என்று தள்ளிவிட்டது. அந்த அவையில் குடியரசுக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை என்பதைக் கவனிக்கவேண்டும். இண்டியானாவுக்கு ஒரு காலத்தில் 13 உறுப்பினர்கள், இன்று 9. மக்கள் குறைவாகப் பெருகினால் இடமும் குறையும். தொகுதி மறுவரையறை பற்றி நம் தமிழ்நாட்டில் ஏன் இத்தனை கவலை என்று கேட்கிற வடநாட்டு நண்பர்களுக்கு இதைக் காட்டலாம்.

மணல்மேடுகள் எல்லாம் போய்விடவில்லை. மிச்சிகன் சிட்டியில் 200 அடி உயர மேடு ஒன்றைக் கண்ணாடி செய்ய அள்ளியே தீர்த்துவிட்டார்கள். மிச்சத்தை இல்லினாய் செனட்டர் பால் டக்ளஸ் போராடி 1966இல் பாதுகாக்கவைத்தார், பதிலுக்குத் துறைமுகம் கட்டவிட்டு. 2019இல் அது தேசியப் பூங்கா ஆனது. சிகாகோவில் பிள்ளைகள் உள்ளவர்கள் போகும்போது சவுத் ஷோர் ரயிலில் ஏறுங்கள். கேரியைத் தாண்டியதும் டியூன் பார்க்கில் இறங்கலாம். ஜூனில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், சாப்பாடு மட்டும் கையோடு கட்டிக்கொண்டு போங்கள்.