9-ம் நம்பர் வீடு எங்கே போயிற்று?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்யும் வேலை, போன் நம்பர் பட்டியலை டைப் அடிப்பது. நானும் அடித்தேன். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் 96 வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மழைக்காலம் வந்தாலே எங்களுக்குத் தூக்கம் போய்விடும். தாழ்வான பக்கம் இருக்கும் முதல் 40 வீடுகளுக்குப் போன் செய்து எச்சரிப்பது என் பொறுப்பு.

பட்டியலை மாங்கோடிபி என்ற டேட்டாபேஸில் வைத்திருக்கிறேன். இதன் கம்யூனிட்டி பதிப்பு இலவசம். எக்ஸெல் போல எல்லோருக்கும் ஒரே கட்டங்கள் இதில் கிடையாது. ஒவ்வொரு வீடும் ஒரு தனி டாகுமெண்ட். ஒரு வீட்டுக்கு மூன்று போன், இன்னொரு வீட்டு மாடியில் குடித்தனக்காரர் என்று எதுவானாலும் அதனதன் டாகுமெண்டில் எழுதிக்கொள்ளலாம். (இதற்கு எக்ஸெலே போதும் என்பான் என் மகன். ஆசை யாரை விட்டது!)

போன மழையில் ஒரு ராத்திரி, கம்பாஸ் என்ற அதன் துணை புரோகிராமைத் திறந்தேன். 'சார்ட்' கட்டத்தில் கதவு எண்ணுக்கு நேராக 1 கொடுத்தேன். 1 என்றால் ஏறுவரிசை, -1 என்றால் இறங்குவரிசை. 'லிமிட்' கட்டத்தில் 40. வந்த பட்டியலை வைத்துப் போன் செய்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் 9-ம் நம்பர் பாட்டி வாசலில் நிற்கிறார். "ஏம்ப்பா, எல்லாருக்கும் போன் போட்டியாமே, என்னை மட்டும் மறந்துட்டியா?" வாசல்படி வரை தண்ணீர் வந்திருக்கிறது. அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார்.

பட்டியலை மறுபடி பார்த்தேன். 1-க்கு அடுத்து 10, 11, 12... 19 வரை போய், அப்புறம்தான் 2. 5 முதல் 9 வரை ஒரு வீடும் இல்லை! தேவையில்லாத 41 முதல் 45 வரை உள்ளே வந்திருந்தன.

காரணம் இதுதான். கதவு எண்ணை மேற்கோள் குறிக்குள் அடித்திருந்தேன். அப்படி அடித்தால் அது எண் அல்ல, எழுத்துச்சரம். எழுத்துச்சரத்தை முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். '1' '2'-க்கு முன்னால் வருவதால் 10-ம் 2-க்கு முன்னால் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிடலாமே என்பீர்கள். எங்கள் தெருவில் 62ஏ என்றும் ஒரு வீடு இருக்கிறதே!

அதற்குத்தான் 'கொலேஷன்' வசதி. 2016ல் வந்த 3.4 பதிப்பு முதல் மாங்கோடிபியில் இது உண்டு. கம்பாஸில் 'ஆப்ஷன்ஸ்' என்பதைக் கிளிக் செய்தால் இதற்கான கட்டம் வரும். அதில் 'லொகேல்' என்பதற்குத் தமிழின் குறியீடான 'டிஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும், 'நியூமெரிக் ஆர்டரிங்' என்பதற்கு 'ட்ரூ' என்றும் கொடுங்கள். 9 தன் இடத்துக்கு வந்துவிடும். 62ஏ, 62-க்குப் பின்னால் நிற்கும்.

லொகேல் கொடுப்பதில் இன்னொரு லாபம். கொலேஷன் இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் யூனிகோட் எண் வரிசையில்தான் நிற்கும். அதில் ச-வை அடுத்து ஜ. ள, ழ, வ என்று தலைகீழ். 1988ல் வந்த இஸ்கி தரம் தமிழையும் தேவநாகரியின் வரிசையிலேயே அடுக்கியது. யூனிகோட் அதைப் பின்பற்றியது. எனவே சரோஜா, ஜானகி, தனலட்சுமி, வள்ளி என்று வரும். லொகேல் கொடுத்தால் நம் அகராதி முறைப்படி சரோஜா, தனலட்சுமி, வள்ளி, ஜானகி.

இப்போது பாட்டிக்குத்தான் முதல் போன். ஜ-வில் பெயர் தொடங்கும் எதிர்வீட்டு அக்காவுக்குத்தான், சங்கத்தின் பெயர்ப் பட்டியலில் கடைசிக்குப் போனதில் மனத்தாங்கல்.