டிராம் பட்டறையும் கரிசல் ரயிலும்

கோவில்பட்டிக் கரிசல் நிலத்தின் ஊடாகச் செல்லும் ரயில்களில் நெடுங்காலம் ஓடிய பெட்டிகளின் மூலவடிவம், தெருவில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் டிராம் வண்டிகளைச் சூரிச் நகருக்குக் கட்டித்தந்த, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் சென்னை பெரம்பூரில் உருவான, ஐ.சி.எஃப். என்று மக்கள் அழைக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையை, 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார். சட்டகமும் சுவரும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட எஃகுக் கூடே இவ்வடிவத்தின் சிறப்பு. மோதலின்போது முனைப்பகுதி நசுங்கி அதிர்ச்சியை ஏற்பதால், ஒரு பெட்டி மற்றொன்றினுள் புகுந்து செருகிக்கொள்ளும் ஆபத்து குறைகிறது. 1895இல் தொடங்கிய சென்னையின் சொந்த டிராம், இந்த ஆலை திறக்கப்படுவதற்கு இரண்டாண்டுகள் முன்பே நின்றுபோனது ஒரு விந்தையான முரண். ஷ்லீரன் ஆலை 1985இல் மூடப்பட்டது. பெரம்பூரோ அவ்வடிவத்தை 2018 வரை உற்பத்தி செய்தது.