எஞ்சின் சூடேறுதல்: குற்றம் எஞ்சினிலா, உணர்கருவியிலா?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தை அது அடைகிறது. மோட்டார் வண்டியின் குளிர்விப்பு ஏற்பாட்டிற்கு இத்தகைய ஏற்றம் கடுமையான சோதனையாகும். தாழ்ந்த கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. வண்டியோ மெதுவாக நகர்கிறது. ஆகவே ரேடியேட்டரில் மோதும் காற்று குறைகிறது. காற்றழுத்தம் குறைவதால் நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. நகரில் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், பொன்முடியில் 96 அல்லது 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இவ்விதச் சாலையில் உஷ்ணமுள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது, எஞ்சின் மெய்யாகவே சூடேறியுள்ளதா, அல்லது கருவி பொய் கூறுகிறதா என்னும் ஐயம் எழுகிறது. மெய்யான சூட்டைப் பொய்யென்று கருதி ஓட்டிச் சென்றால் அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் கெட்டு, பெருஞ்செலவு நேரிடும். பொய்யை மெய்யென்று கொண்டால், பழுதில்லாத ரேடியேட்டரும் நீர்ப்பம்பும் வீணே மாற்றப்படும்.

பட்டறைகளில் சென்சார் என்று வழங்கும் உணர்கருவி பெரும்பாலும் தெர்மிஸ்டர் வகையைச் சேர்ந்தது. உலோகக் கம்பியில் வெப்பம் ஏற மின்தடையும் ஏறும். இதிலோ வெப்பம் ஏற மின்தடை குறையும். வெள்ளி சல்பைடில் இந்த விந்தையை மைக்கேல் ஃபாரடே 1833-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். பல வண்டிகளின் உணர்கருவியில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் சுமார் 300 ஓமாகக் குறைகிறது. சரியான அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலால், தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்ப்பது அவசியம்.

கம்பி அறுந்தால் தடை அளவின்றி உயர்கிறது. கணிப்பொறி அதைக் கடுங்குளிர் என்று பொருள் கொள்கிறது. கம்பி உராய்ந்து உலோகத்தைத் தொட்டால் கடுஞ்சூடு என்று கொள்கிறது. சோதனைக் கருவியில் பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி என்று தோன்றினால், பாதரசம் 20 டிகிரிக்குக் கீழ் இறங்குவதே அரிதான திருவனந்தபுரத்தில் வேறு சாட்சி வேண்டியதில்லை. இத்தகைய பிழையைக் கண்டதும் விசிறியை இடைவிடாது ஓடவிடும்படி பல வண்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆதலால் குளிர்ந்த எஞ்சினிலும் விசிறி ஓடுவது உணர்கருவிக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம்.

எளிய சோதனை காலையில் செய்வதாகும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், எஞ்சினை இயக்குமுன், குளிர்திரவத்தின் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டப்பட வேண்டும். ஐயம் தீராவிடில், எஞ்சின் ஆறிய பின் உணர்கருவியைக் கழற்றி, அதன் முனையை ஒரு பாத்திர நீரில் வெப்பமானியுடன் தொங்கவிட்டு, நீரைக் காய்ச்சியவாறே மல்டிமீட்டரால் தடையை அளக்கலாம். தடை சீராகக் குறைந்து அட்டவணையோடு பொருந்தினால் உணர்கருவியில் குற்றமில்லை. இடையில் தாவினால் மாற்றவேண்டியதே. கடல் மட்டத்திற்கு அருகிலுள்ள ஊரில் கொதிநீரே 100 டிகிரிக்குரிய செலவில்லாத அளவுகோல். ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டி, மாணவர்களைக் கொண்டு வரைபடமும் வரைவிக்கலாம்.

கோவளம், சங்குமுகம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்குகிறது. களிம்பால் கூடும் தடையைக் கணிப்பொறி குளிர்ச்சி என்று கருதுவதால் விசிறி தாமதித்தே ஓடும். கருவி நல்லதாயிருந்தும் செய்தி பொய்யாகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தான பொய் வேறொன்று. கசிவினால் திரவம் குறைந்து உணர்கருவியின் முனை வெளிப்பட்டுவிட்டால், அது சுற்றியுள்ள ஆவியின் அல்லது காற்றின் வெப்பத்தையே அளக்கும். உலோகம் கொதித்துக்கொண்டிருக்கையில் முள் கீழே இறங்கக்கூடும். ஏற்றத்தின் நடுவே முள் திடீரென்று இறங்கினால், ஓட்டுநர் ஆறுதல் கொள்ளாமல் உடனே வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

சூடு மெய்யெனில், அது எப்போது தோன்றுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தம்பானூர், கிழக்கேகோட்டை நெரிசலில் ஏறி, திறந்த சாலையில் தணிந்தால் விசிறி, அதன் ஃபியூஸ் அல்லது ரிலே மீது ஐயம் கொள்ளலாம். நகரில் நலமாயிருந்து ஏற்றத்திலும் வேகத்திலும் சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த பம்பு, முழுதும் திறவாத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். “நம் ஊர் வெப்பமான ஊர்தானே” என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இது பரிகாரமன்று. சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறக்க வேண்டிய அக்கதவு இல்லாவிடில், எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருளை விரயம் செய்யும், தேய்மானமும் கூடும். கிணற்று நீரை மட்டும் ஊற்றுவதும் துருவையும் உப்புப் படிவையும் வளர்க்கும். உறைபனி இல்லாத திருவனந்தபுரத்திலும் எத்திலின் கிளைகால் கலந்த திரவம் வேண்டுவது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவுமே.

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தலாகாது. மூடி, வெளிக்காற்றை விடச் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக உள்ளே தாங்குகிறது. அதனால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாதிருக்கிறது. திறந்த கணமே அழுத்தம் வீழ்ந்து நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். மேற்குழாயைக் கையால் வருத்தமின்றிப் பற்றக்கூடும் வரை காத்திருத்தல் நன்று. சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம். ஆறிய பின் திரவத்தை மெதுவாக நிரப்பி, குழாய்களில் சிக்கிய காற்றையும் வெளியேற்றிய பின்பே வண்டியை மீண்டும் ஏற்றத்தில் செலுத்த வேண்டும். உணர்கருவியருகே காற்று தங்கிவிட்டால் முள் காட்டும் அளவை நம்ப இயலாது.